ஆமென் எங்கள் பக்கம்

1

செபமாலையைத் தனியாகச் சொல்ல இந்த ஒரு வருடத்தில்தான் பழகினேன். பழகினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, சமாளிக்கிறேன். வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், அல்லாதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். செபமாலை என்பது மணிக்கு மணி அதே மன்றாட்டு. மாதாவை வாழ்த்தும் முதல் பாதியை ஒருவர் சொல்ல வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கும் இரண்டாம் பாதியை மற்றவர்கள் சொல்லி ஆமென் என்று முடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கம் வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் பாதி அவருடையது, இரண்டாம் பாதி என்னுடையது. அவர் சிங்களத்தில் தொடங்குவார், நான் தமிழில் முடிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். போன நவம்பரில் என் கணவர் ஜோசப் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அவர் பாதியையும் நானே சொல்லி, அடுத்த மூச்சில் நானே பதிலும் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று என்னோடு நானே பேசுவது போல இருக்கிறது.

ஆண்டு நினைவு நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் ரோசாவும் மருமகனும் வருவார்கள். படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தால், யார் தொடங்குவார்கள்? இந்த ஒரு கேள்விதான் என்னை இரண்டு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, நான் பிறந்த ஊர்க் கோயிலின் சாமியார், பாதிரியாரைத்தான் சொல்கிறேன், அங்கிருந்து தொலைபேசியில் பேசினார். "நம்ம கோயில் பங்கு வரலாறு எழுதுறோம்மா. பழைய ஆளுங்க யாரும் இல்ல. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கிறத எழுதி அனுப்புங்க" என்றார். அடிக்கல் நாட்டியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. சுவரில் இல்லாததை நான் எழுதுகிறேன், சாமி.

2

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் இருப்பது ஜெர்மனியில், ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர். சுரங்கமெல்லாம் மூடிவிட்டார்கள், இப்போது கோயில்களையும் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். ஆண்டுப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மாள் நல்லவர்தான், ஆனால் எழுத்து எழுத்தாக நல்லவர்.

"இறந்தவரின் குடும்பப் பெயர்?"

சொன்னேன்.

"உங்கள் குடும்பப் பெயர்?"

அதையும் சொன்னேன். என் அப்பா பெயர்தான் இங்கே என் குடும்பப் பெயர். அவருடையது சிங்களப் பரம்பரைப் பெயர், மூச்சு வாங்காமல் சொல்ல முடியாது. மகளுக்கு அவள் அப்பாவின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக யாரோ எழுதிவிட்டார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே வீட்டில் மூன்று குடும்பங்களா?" என்று கேட்டார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது பங்குச் சாமியார் உள்ளே வந்தார். என் ஜெர்மன் வீட்டுக்குள் மகளிடம் பொறுக்கிய ஜெர்மன். மகளிடம் பேசுகிற மாதிரியே அவரிடமும் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். அலுவலக அம்மாளின் காது சிவந்துபோனது. சாமியார் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, நாங்கள் கடவுளையும் நீ என்றுதான் கூப்பிடுகிறோம்" என்றார். நல்ல மனிதர்.

தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு. முடிந்த கையோடு வெளியேறிவிட வேண்டும், அடுத்து குரோவேசியர்களின் பூசை. அவர்கள் வாசலில் குடையோடு நிற்பார்கள். நாங்கள் பார்க்காத மாதிரி கடந்து போவோம், அவர்களும் பார்க்காத மாதிரி உள்ளே போவார்கள். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் காதர் நானாவின் லொறி ஞாபகம் வரும்.

3

நாற்பத்தெட்டில், எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், எனக்கு ஆறு வயது. பொகவந்தலாவைப் பாதையில் இருந்த எங்கள் சின்ன டவுனில் அப்போது கோயில் கிடையாது. வேதக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நாங்கள், டவுனுக்குள் சிங்களக் குடும்பங்கள்: பேக்கரிக்காரர், தச்சு வேலை பாஸ்மார், பொலிஸ்காரர் ஒருவர். ஞாயிறு தோறும் ஹட்டன் பக்கமிருந்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் வருவார். பூசை நடக்கும் இடம் காதர் நானாவின் அரிசிக் கிட்டங்கி.

நானா ஐந்து நேரமும் தொழுகிறவர். "அல்லாட பேரச் சொல்ல எடம் கேட்டா இல்லண்டு சொல்ல ஏலுமா?" என்று சாவியைக் கொடுத்தாராம். அரிசி மூட்டையையும் வெங்காய மூட்டையையும் ஓரத்தில் அடுக்கிவிட்டுப் பீடம் போடுவோம். இன்றைக்கும் வெங்காய மணம் வந்தால் எனக்கு முழந்தாள் போடத் தோன்றும்.

பூசை லத்தீனில். எங்களுக்கும் புரியாது, சிங்களவர்களுக்கும் புரியாது. அதனால் பூசையில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வம்பு வந்தது பூசைக்கு முந்திச் சொல்லும் செபமாலையில். அதைச் சொந்தப் பாஷையில் சொல்ல வேண்டுமே. தமிழில் முதலில் சொல்வதா, சிங்களத்தில் முதலில் சொல்வதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் செபம் சொல்லித்தரும் உபதேசியாருக்கும் பேக்கரிக்காரருக்கும் பேச்சு முற்றிவிட்டது. இரண்டு பேரும் கையில் செபமாலையை வைத்துக்கொண்டே சண்டை.

வாசலில் நானாவின் லொறி இரைந்துகொண்டு நிற்கிறது. சாமான் ஏற்ற வேண்டும். நானா தலைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன இன்னும் தொடங்கவே இல்லையா? வாராவாரம் கேட்டுக்கிட்டுத்தானே நிக்கிறன். ஒங்கட செபத்தில ரெண்டு பாதி இரிக்கி. ஒரு பாதிய அவங்க சொல்லட்டும், மத்தப் பாதிய நீங்க சொல்லுங்க. ஒரே தரத்தில முடிஞ்சிடும். என்ட லொறியும் போயிடும்."

வெள்ளைக்காரச் சாமியார் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரரின் மனைவி ரோஸலின் நோனா, பெரிய குரல்காரர், சிரித்து முடிக்கும் முன்னமே சிங்களத்தில் முதல் பாதியைத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. "மொதப் பாதி அவங்களுக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

என் அம்மா சவரியம்மா கொழுந்து பறிக்கிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "யாரு ஆரம்பிச்சா என்னா? ஆமென் நம்ம பக்கம்தானே இருக்கு. சொல்லுங்க."

சொன்னோம். அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் அது. அடிக்கல்லில் நானாவின் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

4

கோயில் கட்டத் தொடங்கியது ஐம்பதுகளில். டவுனுக்கு மேலே ஒரு மேட்டு நிலம் கிடைத்தது. அத்திவாரத்துக்குக் கல் வேண்டும். பூசைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஆற்றிலிருந்து ஒரு கல் கொண்டுவருவது என்று ஏற்பாடு. தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையிலேயே கல்லைப் போட்டு, நெற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேடு ஏறினார்கள். ரோட்டோரம் எங்கள் கங்காணி நின்று கேலி பண்ணினார்.

"என்னா சவரி, இன்னைக்குக் கொழுந்து ரொம்பக் கனமா இருக்கே? எத்தன றாத்தல்னு போடட்டும்?"

"இத நிறுக்கிறவரு வேற ஆளுங்க கங்காணி. ஒங்க தராசு இதுக்குப் பத்தாது" என்றாள் அம்மா.

கல்லைத் தோட்டத்துக்காரர்கள் சுமந்தார்கள், சிங்கள பாஸ்மார் கட்டினார்கள். கூரை தகரம். மழை பிடித்தால் பிரசங்கம் ஒரு வார்த்தை கேட்காது. எங்கள் மலையில் மழை எப்போது பிடிக்காமல் இருந்தது? உள்ளே பாய் விரித்து இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் நாங்கள். இடையில் நடைபாதை. அதைத் தாண்டித்தான் செபம் போய் வரும்.

ஐம்பத்தெட்டில் நாட்டில் தமிழர்கள்மேல் நடந்த கலவரம் எல்லோருக்கும் தெரியும். பயத்தில் சில வாரம் லயத்தை விட்டே நாங்கள் இறங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு போனோம். இடது பக்கம் அவர்கள் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரோஸலின் நோனா முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். குரல் சின்னதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே திறக்கவில்லை. என் பக்கத்தில் அம்மாவின் மூச்சு கேட்டது.

பிறகு அம்மா மட்டும் பதில் சொன்னாள். ஒற்றைக் குரலில் ஆமென் வரைக்கும் சொன்னாள். அடுத்த மணிக்கு இரண்டு பேர் சேர்ந்தார்கள். செபமாலை முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்துவிட்டோம். வெளியே வந்ததும் நோனா அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கே, நான் பயந்துட்டது" என்றார். அம்மா, "நாங்களும்தாங்க நோனா" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேசப் பாஷை போதவில்லை.

நோனாவின் பக்கத்தில் அவருடைய மகன் நிற்பார். லொறி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஜோசப். வயது ஏற ஏற, அத்தனை சிங்களக் குரலுக்குள் அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்கத் தொடங்கியது. வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஆரம்பித்ததை நான் முடித்தேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

5

அறுபத்தைந்தையொட்டிப் பூசை லத்தீனை விட்டுச் சொந்தப் பாஷைக்கு வந்தது. உலகம் முழுக்க வந்தது. நல்ல காரியம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. சாமியார் சொல்வது முதல் தடவையாகப் புரிந்தபோது எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர் தேம்பி அழுதார். ஆனால் எங்கள் கோயிலில் அதற்கு அர்த்தம் வேறாக இருந்தது. புதிதாக வந்த இளம் சாமியார் பீடத்தில் நின்று அறிவித்தார்: வருகிற வாரம் முதல் ஏழு மணிக்குச் சிங்களப் பூசை, எட்டரைக்குத் தமிழ்ப் பூசை.

யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கமும், முந்தி இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னாள்: "நம்மளத்தான் பிரிக்கிறாங்க, சரி. சாமி கும்புடுறதையுமா பிரிக்கணும்?"

எனக்கு வேறு கவலை. அதை யாரிடம் சொல்வது? இனி அந்தக் குரல் ஏழு மணிக்கு. நான் எட்டரைக்கு.

முதல் தமிழ்ப் பூசைக்குப் போனோம். கோயில் முழுக்க நாங்கள்தான். ஆனாலும் பழக்க தோஷம், எல்லோரும் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். இடது பக்கம் வெறுமை. சிலுவை அடையாளம் போட்டோம். மணியைக் கையில் எடுத்தோம்.

ஒருவரும் தொடங்கவில்லை.

வீட்டில் தினமும் இரண்டு பாதியையும் தமிழில் சொல்கிறவர்கள்தான் நாங்கள், தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே எங்கள் வாய்க்குத் தொடங்கிப் பழக்கமில்லை. காது இடது பக்கம் போய் நின்றுகொண்டிருந்தது. உபதேசியார்கூட மணியைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு அவர் தமிழில் தொடங்க, பாதிப் பேர் கூடவே சொல்ல, பாதிப் பேர் இன்னும் காத்திருக்க, யாரோ நடுவில் ஆமென் சொல்ல, எல்லாம் சிதறிப்போனது. அம்மா செபமாலையைச் சுருட்டி மடியில் முடிந்துகொண்டாள்.

ஏழு மணிப் பூசையிலும் அதே கதி என்று பின்னால் ஜோசப் சொல்லித் தெரிந்தது. அவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்களாம். பதில் வரவில்லையாம். வலது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

அடுத்த ஞாயிறு கொட்டுகிற மழை. மழைக்குப் பயந்து லயத்திலிருந்து நேரத்தோடு கிளம்பியதால், சிங்களப் பூசை முடிவதற்குள் வந்துவிட்டோம். கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றோம். கதவு திறந்தது. அவர்கள் வெளியே வர, நாங்கள் உள்ளே போக, வாசலில் ஒரே நெருக்கடி. உள்ளே இடது பக்கப் பாயில் ரோஸலின் நோனா மட்டும் எழுந்திருக்கவில்லை. பின்னால் ஜோசப்.

இளம் சாமியார் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். நோனா எங்களுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தன் உடைந்த தமிழில் பதில் சொன்னார்:

"நான் போறது இல்ல ஃபாதர். செபமால இன்னும் முடிஞ்சது இல்ல. மத்தப் பக்கம் ஆளு மழையில நிக்குது."

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எட்டரைக்குப் பூசை தொடங்கணும்" என்றார்.

"தொடங்குங்க. நாங்க முந்தி முடிக்கும்."

அம்மா ஈரச் சாக்கைக் கதவோரம் போட்டுவிட்டு நேராக வலது பக்கம் போய், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்க நோனா" என்றாள்.

நோனா தொடங்கினார். பின்னால் அந்தக் குரலும் தொடங்கியது. நாங்கள் பதில் சொன்னோம். வெளியே போனவர்களில் சிலர் குடையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தகரத்தில் மழை அடித்த அடியில் யார் எந்தப் பாஷையில் சொன்னார்கள் என்று அன்றைக்கு மாதாவுக்கே கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு ஏழு மணிப் பூசைக்கும் எட்டரைப் பூசைக்கும் நடுவே செபமாலை என்பது எங்கள் பங்கின் வழக்கமாயிற்று. யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் அந்த இடைவெளியிலேயே எங்கள் கல்யாணமும் நடந்தது. எந்தப் பூசையில் வைப்பது என்று இரண்டு வீட்டிலும் ஒத்துவரவில்லை. அம்மா என்னிடம், "புள்ள, செபத்தில பாதி சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரலாம். குடும்பத்தில அப்புடி வர ஏலாது. யோசிச்சுக்க" என்றாள். யோசித்தேன். யோசித்து, சரி என்றேன்.

6

பல வருடம் கழித்து, இரண்டு பக்கமும் கால் வைத்த குடும்பத்துக்கு அங்கே நிற்க இடம் சுருங்கியபோது, இங்கே வந்தோம். ரோசாவுக்கு அப்போது ஏழு வயது. கொஞ்ச நாள் எங்களோடு உட்கார்ந்து செபம் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடம், சிநேகிதிகள். மாலையில் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவள் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அவர் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார். "நாமும் வேறு வேறு பாஷையில்தானே சொல்கிறோம்" என்பார். எனக்குத்தான் மனம் ஆறாது.

அவள் கட்டிக்கொண்டது யானெக்கை. போலந்துக்கார வம்சம், தாத்தா காலத்தில் சுரங்கத்துக்கு வந்தவர்கள். தங்கமான பிள்ளை. என்னோடு பேச அவரிடம் வார்த்தை இல்லை, என்னிடமும் இல்லை. வந்தால் என் வீட்டுக் குழாயைப் பார்த்து இறுக்கிவிட்டுப் போவார். ஒழுகாத குழாயையும் இறுக்குவார். அதுதான் எங்கள் பேச்சு.

ஆண்டு நினைவு நாள் மாலை வந்தார்கள். படத்துக்குப் பூ வைத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே அவருடைய நாற்காலி. ரோசா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அது தெரியாதும்மா. மறந்துட்டேன்" என்றாள். தமிழில் சொன்னாள், அதுவே பெரிது.

சிலுவை அடையாளம் போட்டேன். என் பாதிதான் வாயில் நின்றது. அவர் பாதியை எடுத்துச் சொல்ல, அன்றைக்கு, அந்தப் படத்துக்கு முன்னால், நாக்கு எழவில்லை. அறுபத்தைந்தில் அந்த வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

யானெக் தொண்டையைச் செருமினார். போலந்து மொழியில் மெதுவாகத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் மரியா என்ற பெயர் வந்தது, பிறகு இயேசு என்ற பெயர் வந்தது. அங்கே நிறுத்தினார். எல்லா நாட்டிலும் அங்கேதான் நிறுத்துவார்கள் போலிருக்கிறது. நான் தமிழில் முடித்தேன். அடுத்த மணிக்கும் அவர் தொடங்கினார், நான் முடித்தேன். அவர் கன்னம் சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் நீளமான பேச்சு அது.

செபமாலை பாதியில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது. நின்றுபோனார். நான் காத்திருந்தேன்.

கதவோரத்திலிருந்து ஒரு குரல் தொடங்கியது. சிங்களத்தில். ஜெர்மன் உச்சரிப்பு ஒட்டிக்கொண்ட சிங்களம். ஆனால் இழுக்கிற இடம் அவள் அப்பா இழுக்கிற இடம், மூச்சு விடுகிற இடம் அவர் மூச்சு விடுகிற இடம். சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு மாலையும் கேட்ட பாதி. ரோசா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள்.

அதற்கு மேல் சிங்களத்தில் அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதற்கு மேல் சொன்னதில்லை.

மீதியை நான் சொன்னேன். ஆமென் வரைக்கும்.